ஊசி நின்ற படம்

வலது கை குறட்டால் பழைய ஆணியைக் கவ்வி இழுக்கிறது. இடது கை துணியின் விளிம்பைப் பிடித்து, ஆணி வர வரச் சுருட்டிக்கொண்டே போகிறது. துணி கிழியக் கூடாது. சோபாவின் பழைய உறைதான் புதிய உறைக்கு அளவு. அது கோணினால் இதுவும் கோணும். ஆணிகள் தகர டப்பாவில் விழும் சத்தத்துக்கு நடுவே வாய் வேறொரு வேலை பார்க்கிறது.

“யாரோட உக்காந்து பார்க்கப் போறீங்க? அதை மொதல்ல சொல்லுங்க.”

கேள்வி, ஒரு படத்தின் பேரைச் சொல்லிப் பார்க்கலாமா என்று கேட்டுக் கடை வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்ற மருந்துக்கடைப் பெண்ணுக்கு.

“நானும் எங்க மாமியாரும்க்கா.”

“அப்ப அது வேணாம். நல்ல படம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா மொதப் பாட்டு வர்றதுக்குள்ள ரிமோட்டைத் தேடுவீங்க. ரிமோட் உங்க மாமியார் இடுப்புல இருக்கும்.”

“அய்யோ, ஆமாக்கா. வேற சொல்லுங்க. ஊசி நின்ன படமா சொல்லுங்க.”

இந்தக் கைகளும் வாயும் என் அண்ணியுடையவை. நாங்கள் சோபா செய்கிறவர்கள். மரச்சட்டம் என் வேலை, துணி வாங்குவதும் கணக்கு முடிப்பதும் அண்ணன் வேலை, சட்டத்தின் மேல் வரும் அத்தனையும் அண்ணியின் வேலை. அண்ணி மருமகளாக வந்தபோது குஷன் வேலைக்கு வேறொருவர் இருந்தார். அவர் சொல்லாமல் நின்றுவிட்ட வாரம், பாதி தைத்த சோபா ஒன்று கடை நடுவில் வாய் பிளந்து கிடந்தது. அண்ணி உட்கார்ந்து முடித்தார். நாங்கள் பிரமாதம் என்றோம். மறுநாள் காலையில் பார்த்தால் தான் தைத்ததைத் தானே பிரித்துக்கொண்டிருக்கிறார். “தையல் நேராத்தான் இருக்கு. சாய்ஞ்சா முதுகுல உறுத்துது. பார்க்கவா சோபா வாங்குறாங்க?” என்றார். அன்றிலிருந்து அந்த இடம் அவருடையது.

தையல் மிஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒரு டிவி மாட்டியிருக்கிறோம். அண்ணி தைத்துக்கொண்டே பார்ப்பார். படமோ தொடரோ ஓடும்போது மிஷினும் தடதடவென்று ஓடும். எப்போதாவது மிஷின் சத்தம் நின்றுபோகும். நான் இழைப்புளியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தால், துணி ஊசியில் மாட்டியபடி இருக்கும், அண்ணியின் கண் திரையில் இருக்கும். அதுதான் ஊசி நின்ற படம். தெருவில் யாருக்கும் வேறு மதிப்பெண் தேவைப்படவில்லை. காய்கறிக்கடையில் நிற்கிறவர்கள்கூட, “அது நல்லா இருக்காமே?” என்று ஒருவர் ஆரம்பித்தால், “ஊசி நின்னுச்சாமா?” என்றுதான் கேட்பார்கள். தியேட்டருக்குப் போக நேரமும் காலும் இல்லாதவர்கள் நிறைய. வீட்டில் உட்கார்ந்தால் திரையில் நூறு படம் வரிசையில் நிற்கிறது. எதைத் தொடுவது என்று தெரியாமலே சோறு ஆறிவிடுகிறது. அவர்களுக்கு அண்ணி சொன்னால் சொன்னதுதான். இத்தனை வருடத்தில் அண்ணி சொன்ன படத்தை யாரும் பாதியில் நிறுத்தியதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு, மறைக்கவும் மாட்டார்.

அந்தப் பெருமையில்தான் கல் விழுந்தது.

அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். அவர் மனைவியை நாங்கள் கண்டக்டரம்மா என்போம். ஒருநாள் அந்த அம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

“நீ சொன்ன மூணாவது படத்துக்கும் எந்திரிச்சுட்டாரும்மா. இழுவைன்னு சொல்லிட்டு ரூமுக்குப் போயிட்டார்.”

மிஷின் நின்றது. “லிஃப்ட் படத்துக்கா?”

“அதுக்குத்தான்.”

லிஃப்ட் படம் என்பது பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டும் ஒருவனைப் பற்றியது. அதற்கு அண்ணியின் ஊசி ஒருமுறை இல்லை, இரண்டாம் முறை பார்த்தபோதும் நின்றது.

“மூணுமே பிடிக்கலையா? மூணும் மூணு மாதிரியாச்சேம்மா.”

“எனக்கு என்னமோ படம் வேணும்னு கூட இல்லை.” கண்டக்டரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து ஒரு படம் பார்ப்போம். அவருக்கு டூட்டி போட்டாக்கூட மாத்தி வாங்கிட்டு வந்துடுவாரு. இப்ப ஹால்ல நான் ஒண்டியா பார்க்குறேன். அவர் கட்டில்ல படுத்துக்கிட்டு, காதுல ஒயரை மாட்டிக்கிட்டு, போன்ல துண்டு துண்டா எதையோ பார்க்குறார். ஒரே வீட்டுல ரெண்டு வீடு நடக்குது. அவரை ஒரு படம் முழுசா உக்கார வைக்கிற மாதிரி ஒண்ணு சொல்லேன்.”

அவர் போன பிறகு அண்ணி பாதியில் நின்ற தையலை ஓட்டி முடித்தார். பிறகு, “தம்பி, அந்தக் கண்டக்டரைக் கடைக்கு வரச் சொல்லு. டீப்பாய் கால் ஆடுதுன்னு ஏதாவது சொல்லு,” என்றார்.

“அவங்க வீட்டு டீப்பாயா, நம்ம டீப்பாயா?”

“ஏதோ ஒரு டீப்பாய். போ.”

கண்டக்டர் வந்தார். இடுப்பில் ஆபரேஷன் ஆகி ஒரு வருடம் இருக்கும். நடையில் ஒன்றும் தெரியாது. அண்ணி கடைக்கு முன்னால் விற்பனைக்கு வைத்திருந்த சோபாவைக் காட்டி, “உக்காருங்கண்ணே,” என்றார்.

“வேணாம்மா, பஸ்ஸுல நின்னு பழகின காலு,” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, நான் செதுக்கு வேலைக்குப் போட்டிருக்கும் உயரமான முக்காலியில் உட்கார்ந்தார்.

“லிஃப்ட் படத்தை இழுவைன்னீங்களாமே.”

“பின்ன? ஒருத்தன் மேல போறான், கீழ வர்றான். இதுல என்னம்மா கதை? நான் முப்பது வருஷம் முன்னாடி போயிப் பின்னாடி வந்தவன். அதைப் படமா எடுத்தா நீ பார்ப்பியா?”

“டிக்கெட் எடுக்காமப் பார்ப்பேன்.”

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்தால் பேச்சும் வரும். எந்தப் படத்தில் சண்டை பொய்யாக இருந்தது, எந்த நடிகர் பஸ்ஸில் ஏறும் காட்சியில் கம்பியைத் தப்பாகப் பிடித்தார் என்று அடுக்கினார். சண்டையை நடித்துக் காட்ட எழுந்தார். உட்கார்ந்தார். கம்பியைப் பிடிக்கும் விதத்தைக் காட்ட மறுபடி எழுந்தார். எங்கள் அண்ணனே வேலையை விட்டு வந்து வேடிக்கை பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது அந்தக் கச்சேரி.

நடுவில் அண்ணி மெதுவாகக் கேட்டார்: “அந்தக் குடைக்காரம்மா லிஃப்ட்டுக்குள்ள வந்து நின்னதும் உங்களுக்கு என்ன தோணுச்சு?”

“எந்தக் குடைக்காரம்மா?”

“ஒண்ணுமில்லை. வேற படம் போல.”

வேறு படம் இல்லை. குடைக்காரம்மா வந்த பிறகுதான் அந்தப் படமே ஆரம்பிக்கிறது. வருவதற்கு அரை மணி நேரம் ஆகும்.

கண்டக்டர் போனதும் அண்ணி கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து என் முக்காலியை அளந்தார். பிறகு விற்பனைக்கு வைத்த சோபாவை அளந்தார்.

“தம்பி, அவர் படத்துல இருந்து எந்திரிக்கலை. சோபாவுல இருந்து எந்திரிக்கிறார்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அன்று சாயங்காலம் கண்டக்டரம்மாவிடம் அண்ணி கேட்டபோது விளங்கியது.

“அவரால உக்கார முடியலையா, உக்காந்தா எந்திரிக்க முடியலையா?”

கண்டக்டரம்மா யோசித்தார். “எந்திரிக்கிறதுதான். அதுவும் ரொம்ப நேரம் உக்காந்துட்டா இடுப்பு பிடிச்சுக்கும். ஒரு தடவை மாப்பிள்ளை வந்திருந்தாரு. படம் முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சோம், இவரால முடியலை. மாப்பிள்ளைதான் அக்குள்ல கை கொடுத்துத் தூக்கிவிட்டாரு. இவரும் சிரிச்சுட்டாரு...” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “அதுக்கப்புறம்தான் எல்லாப் படமும் இழுவையாச்சு.”

மாப்பிள்ளை கையால் தூக்கி நிறுத்தப்பட்ட மாமனார். அதைவிட ஒரு மனுஷனுக்கு வேறென்ன அவமானம் வேண்டும்? இடுப்பு பிடிப்பதற்குள் எழுந்துவிட வேண்டும்; எழுவதற்கு ஒரு காரணம் வேண்டும். பாவம், பழி முழுவதும் படத்தின் மேல்.

துணி மாற்றுவதாகச் சொல்லி அவர்கள் வீட்டு சோபாவை எடுத்து வந்தோம். அண்ணி அதைத் திருப்பிப் போட்டு, முதல் ஆணியைப் பிடுங்கும்போதே சொன்னார்: “வைத்தியத்துக்குப் பண்ண சோபான்னு ஒரு இடத்துலகூடத் தெரியக் கூடாது. தெரிஞ்சுதுன்னா அவர் உக்கார மாட்டார். நம்ம வேலை வீண்.”

உள்ளே குஷனைத் தாங்கும் பட்டைகள் தளர்ந்து தொங்கின. உட்கார்ந்தால் முட்டி மார்புக்கு வந்துவிடும் பள்ளம். நான் கால்களை மாற்றிச் சட்டத்தை நாலு விரல் உயர்த்தினேன். கைப்பிடியின் முன்முனையை உருட்டி, துணிக்கடியில் உள்ளங்கை அடங்குகிற மாதிரி ஒரு புடைப்பு வைத்தேன். ஊன்றினால் ஊன்றுகோல், பார்த்தால் வெறும் அலங்காரம். என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது அண்ணி கேட்டார்:

“கண்டக்டரம்மா எவ்வளவு உயரம்?”

 அந்த அம்மா என் தோளுக்குக்கூட வர மாட்டார். இந்த உயரத்தில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும்.

“கால்பலகை ஒண்ணு செஞ்சு தர்றேன் அண்ணி.”

“அவரு ராஜா மாதிரி உக்காருவாரு, அந்தம்மா பள்ளிக்கூடப் புள்ள மாதிரி பலகையில கால் வைக்கணுமா? நல்லா இருக்கு கொழுந்தனாரே உங்க நியாயம்.”

இரண்டு நாள் அந்த சோபா அப்படியே கிடந்தது. அண்ணி வேறு வேலைகள் பார்த்தார், இடையிடையே வந்து அதன் மேல் இங்கும் அங்கும் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் ஃபோம் பலகைகளை அறுக்க ஆரம்பித்தார். கண்டக்டர் பக்கத்துக்குக் கெட்டியான ஃபோம், முன்விளிம்பில் இன்னும் கெட்டியாக ஒரு பட்டை. கண்டக்டரம்மா பக்கத்துக்கு மெத்தென்ற ஃபோம், அடியில் பட்டைகளும் அதற்கேற்ற இளக்கம். மேலே இரண்டுக்கும் சேர்த்து ஒரே மெல்லிய அடுக்கு, ஒரே உறை. பார்த்தால் ஒரே மட்டம், நீர்மட்டக் குழாய் வைத்தாலும் குற்றம் சொல்ல முடியாது. உட்கார்ந்தால் ஒரு பக்கம் தாங்கும், மறுபக்கம் அந்த அம்மாவின் பாதம் தரையைத் தொடும் வரை அமிழும்.

முதலில் வைத்த மெத்து ஃபோம் போதாமல் இரண்டு முறை பிரித்தார். தையல் போட்ட பிறகு மூன்றாம் முறை பிரித்தார். நடுவில், இரண்டும் சேரும் இடத்தில், கையால் தடவினால் ஒரு வரப்பு தெரிகிறதாம். எனக்குத் தெரியவில்லை. “அந்தம்மா கை இந்தப் பக்கம் வரும்ல, அதுக்குத் தெரியும்,” என்றார். சோதித்துப் பார்க்க அண்ணனை உட்கார வைத்தோம். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

“எங்க வீட்டுக்காரர் தூங்குறதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அவருக்குச் சுவர் போதும்,” என்றார் அண்ணி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சோபாவைக் கொண்டுபோய் அவர்கள் ஹாலில் இறக்கினோம். கண்டக்டர் அறை வாசலில் நின்று பார்த்தார். ஒரு காதில் ஒயர் தொங்கியது.

“என்ன, உயரமா இருக்கு?”

“இப்ப எல்லாரும் இப்படித்தாண்ணே கேக்குறாங்க. கீழ கூட்டிப் பெருக்க வசதி,” என்றார் அண்ணி. அண்ணி பொய் சொல்லி நான் கேட்டது அபூர்வம்தான். அதையும் எவ்வளவு நேர்த்தியாகச் சொன்னார்!

கண்டக்டரம்மா உட்கார்ந்தார். பாதம் இரண்டும் தரையில் படிந்தன. “அம்மாடி,” என்றார். எங்களைப் போக விடவில்லை. “நீ இருந்து படத்தைப் போட்டுவிட்டுப் போம்மா.”

“என்ன படம்?” என்றார் கண்டக்டர்.

“நீங்க இழுவைன்னு சொன்ன படம்தான். இன்னைக்கு நான் பக்கத்துல இருக்கேன். திட்டணும்னா நேராத் திட்டுங்க.”

அதற்காகவே வந்தவர் போல அவர் வந்து உட்கார்ந்தார். மனைவியிடம், “கொஞ்சம் தள்ளி உக்காரு, உள்ள இடம் இருக்கு,” என்றார். முப்பது வருட பஸ் பழக்கம்.

லிஃப்ட் மேலே போனது, கீழே வந்தது. கண்டக்டர் முணுமுணுத்தார். அரை மணி நேரம் நெருங்கியபோது அவர் கை கைப்பிடியின் முனையைத் தேடிப் பிடித்தது. நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் லிஃப்ட் கதவு திறந்து குடைக்காரம்மா உள்ளே வந்து நின்றார்.

“இவங்கதானா?” என்றார் கண்டக்டர்.

 கை கைப்பிடியிலேயே இருந்தது, ஆள் அசையவில்லை. அதன் பிறகு அவர் முணுமுணுக்கவும் இல்லை. ஓரிடத்தில் மனைவியின் கையைத் தட்டி, “பார்த்தியா, பார்த்தியா, நான் அப்பவே நினைச்சேன்,” என்றார். அந்த அம்மா படத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் ‘இடைவேளை’ என்று எழுத்து விழுந்தது. அண்ணி எழுந்து போய் படத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, அங்கேயே நின்றார். வேலை முடிந்தால் மீந்த துணியை மடித்து வீட்டுக்காரர் கையில் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். எப்போதும் அண்ணி பக்கத்தில் போய்த்தான் கொடுப்பார். அன்று ஹாலின் அந்தக் கோடியில் நின்றபடி, துணிச் சுருளைக் கண்டக்டரை நோக்கி நீட்டினார்.

“இந்தாங்கண்ணே, மீதித் துணி. நீங்களே வாங்கி வைங்க.”

கண்டக்டரம்மா பதறிப்போய் எழப் பார்த்தார். நான் கண்ணால் வேண்டாம் என்றேன்.

கண்டக்டர் அண்ணியை ஒரு நொடி பார்த்தார். கால்களை அருகே இழுத்தார். உள்ளங்கையைக் கைப்பிடியின் முனையில் ஊன்றினார். எழுந்தார். யாரும் தூக்கவில்லை. எதையும் பிடிக்காமல் ஹாலைக் கடந்து வந்து, இரண்டு கையாலும் துணியை வாங்கிக்கொண்டார்.