அவர் ரத்தத்தில் ஆஸ்திரேலியா

கல்யாணமாகி முதலமடைக்கு வந்த புதிதில் எனக்கும் மாமியாரான அத்தைக்கும் இலைச் சண்டை. வீட்டுக்காரர் சாப்பிட்டு எழுந்த இலையிலேயே பெண்டாட்டி உட்கார வேண்டும் என்பது அத்தையின் சட்டம். எச்சில் இலை எனக்கு ஆகவே ஆகாது. முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.

மாந்தோப்பில் பூப்பிடித்திருந்த நேரம், வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அத்தை கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். தினமும் மகனின் சிறுநீரில் சோற்றைப் போட்டுப் பார்த்தார். சோறு மஞ்சளானால் நோய் இருக்கிறது, வெளுப்பாகவே இருந்தால் போய்விட்டது. எனக்கு இதிலெல்லாம் மனசு ஆறவில்லை. வீட்டுக்காரரைக் கோயமுத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "ஆஸ்திரேலியா ஆன்டிஜன் இருக்குதும்மா" என்றார். கோயமுத்தூரைத் தாண்டாத மனிதரின் ரத்தத்தில் ஆஸ்திரேலியா எப்படி வந்தது என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார். அது காமாலைக் கிருமியின் மேலுறை. முதலில் அந்த நாட்டுக்காரர் ஒருவரின் ரத்தத்தில் கண்டதால் அந்தப் பெயராம். கண் வெளுத்த பிறகும் அது ரத்தத்தில் இருக்கலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போது இல்லையென்றால் உடம்பே விரட்டிவிட்டது. இருந்தால் தங்கிவிட்டது, மெல்ல மெல்ல ஈரலைக் கெடுக்கும்.

"ஊசி, சவரக் கத்தியில பரவும். புருஷன் பெண்டாட்டிக்குள்ளயும் பரவும். மறுபடி பாக்கற வரைக்கும் தனியாப் படுங்க. ஒண்ணா உக்காந்து சாப்பிடறதுல பயமில்லை" என்றார். என் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார், அதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என் பாயைத் தன் பக்கத்தில் விரித்தார். மகனுக்கு ஓர் அலுமினியத் தட்டை ஒதுக்கினார்.

"அவன் தட்டுப் பக்கமே போயிராத புள்ள!"

எனக்கு வந்ததே கோபம். அந்தத் தட்டைக் கழுவி, அன்றைக்கே அதில் சோறு போட்டுச் சாப்பிட்டேன். வேண்டாம் என்றால் செய்வது என் குணம்.

கொஞ்ச நாளில் சோறு வெளுத்தது. "சோத்துல மஞ்சளே இல்லியே, அப்பறம் எதுக்குப் புள்ள கோயமுத்தூரு?" என்றார் அத்தை. நான் விடவில்லை. மழைக்காலத்தில் மறுபடி பஸ் ஏறினோம். இரண்டு பேர் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள்.

"போயிருச்சும்மா. உனக்கும் இல்லை" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்! பஸ்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்புள்ள, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமுங்க!"

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அத்தை அழுதார், சாமியைக் கும்பிட்டார், கோழி அடித்துக் குழம்பு வைத்தார். மகனுக்குத் தலைவாழை இலை போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இனி பயமில்ல. அவன் எந்திரிச்சதும் இந்த எலையிலயே உக்காந்துக்க, புள்ள."

"எனக்குத் தனி எலைங்க அத்தை."

அத்தை முறைத்தார். வீட்டுக்காரர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அத்தை உள்ளே போய் இன்னோர் இலை கொண்டுவந்து, மகனின் இலைக்குப் பக்கத்திலேயே போட்டார். அந்த வீட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான். குழம்பை ஊற்றிவிட்டு அத்தை எங்கோ போனார்.

நாங்கள் சாப்பிட்டு எழுந்தபோது என் பாய் வீட்டுக்காரர் அறையில் விரித்துக் கிடந்தது.