நாலு மீட்டரும் கடைசி வரிசையும்

சூலக்கரைப் பக்கம் ஒரு தேவாலயத்தின் கூடம். என் சொந்த சவுண்ட் செட்டுக்கு முதல் ஆர்டர் கிடைக்குமா என்பது அன்று காலை தெரிந்துவிடும். பாடகர் குழுவுக்குப் பிடித்துவிட்டால் டிசம்பர் சீசன் முழுக்க எனக்குத்தான். பிடிக்காவிட்டால் புது ஸ்டாண்டுகள் வீட்டில் துணி காயப்போட உதவும்.

போவதற்கு முன் மூன்று விஷயங்கள் குறித்திருந்தேன். ஒன்று, கூடம் நீளம். இரண்டு, தகரக் கூரை. சத்தம் மேலே போனால் எதிரொலிக்கும். மூன்று, முதன்மைப் பாடகி ஸ்டெல்லா அக்கா செவிலியர். வார்டில் நோயாளி தூங்கும்போது பேசுகிற குரல். அதனால் தூண் போல ஒல்லியான இரண்டு ஸ்பீக்கர்களை வைத்தேன். அவை சத்தத்தைக் கூரைக்கு அனுப்பாமல் நேரே ஆட்களிடம் அனுப்பும். போட்டிக்கு வந்த கடைக்காரர் பீரோ அளவில் இரண்டு பெட்டிகளை இறக்கியிருந்தார்.

தேர்வு செய்ய வந்தவர் அக்காவின் கணவர் சேவியர் அண்ணாச்சி. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிச் சத்தத்தை அளப்பது அவர் வேலை. வெடிக்கு நாலு மீட்டர் தள்ளி டெசிபல் அளக்கும் கருவியை வைப்பார்கள். அண்ணாச்சி டேப் பிடித்து, எங்கள் பெட்டிகளுக்கும் அதே நாலு மீட்டரில் வைத்தார்.

"ஏம்மா, பீரோ ஜெயிச்சிருச்சு. ஒன் குச்சி பத்தலையே."

"அண்ணாச்சி, கூட்டம் நாலு மீட்டரோட முடிஞ்சிராது. கடைசி வரிசையில போயி நில்லுங்க."

"அங்கன நின்னா வெடியே பாதிதான் கேக்கும்."

"அதுக்குத்தான் போகச் சொல்றேன்."

அவர் போனதும் அக்காவிடம் மைக்கைக் கொடுத்தேன்.

"பாட வேண்டாம்க்கா. பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம். வார்த்தை கேக்கலைன்னாலும் கேட்ட மாதிரியே இருக்கும். அண்ணாச்சிகிட்ட சொல்லணும்னு மனசுல வச்சிருக்கிறத மெதுவா சொல்லுங்க."

யோசிக்க அக்காவுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

முதலில் பீரோ. குகைக்குள் யாரோ முனகுவதுபோல் இருந்தது. கடைக்காரர் வால்யூமைக் கூட்டியதும் கூவென்று ஃபீட்பேக். அண்ணாச்சி கட்டைவிரலைத் தூக்கினார். "நல்ல சத்தம்!"

அடுத்து என் செட். அக்கா அதையே, அதே குரலில் திரும்பச் சொன்னார்.

"ஏங்க, சுகருக்கு வாயக் கட்டுறேன்னு சொன்னீகளே. நேத்து எண்ணெய் புரோட்டா சாப்பிட்டது யாரு? சட்டையெல்லாம் சால்னா. தொவைக்கிறது நான்தான?"

குழுவினர் எல்லாரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். கீபோர்டு வாசிக்கும் தம்பி கேட்டான், "எத்தனை, அண்ணாச்சி?"

"ரெண்டுதாம்லே!"

"நாலு," என்று அக்கா மைக்கில் முணுமுணுத்தார். அதுவும் தெளிவாகக் கேட்டது.

அண்ணாச்சி வேகமாக மேடைக்கு வந்தார். "பீரோவையே வச்சுக்கிருவோம்மா. ஒண்ணும் வெளங்காம நல்லா இருந்துச்சு."

"பாடப்போறது நாங்க," என்றார் அக்கா. "குச்சியே இருக்கட்டும்."

அந்த டிசம்பர் முழுக்க என் செட்டுதான் ஓடியது.

சின்னக் கச்சேரிகளுக்கு செட் தேடும் தங்கைகளுக்குச் சொல்கிறேன். வாட்ஸ் பாருங்கள், டெசிபலும் பாருங்கள். பிறகு ஒருவரைக் கடைசி வரிசையில் நிறுத்தி, அவரை நன்றாகத் தெரிந்தவரிடம் மைக்கைக் கொடுங்கள். நிற்பவரின் முகம் மாறினால் செட் சரி.