பறியைக் கடித்துக்கொண்டு பாடிய பாட்டு

எங்கள் ஊர் தோணிரேவில் எந்தக் கல்யாணமானாலும் கச்சேரியில் கடைசிப் பாட்டு, ஒரு சினிமாக் குத்துப்பாட்டு, என்னுடையதுதான். சினிமாவில் பாடியவர் எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கேதான் நானும் வாங்குவேன். அச்சு அசல் என்று ஊரே சொல்லும். அந்தப் பெயருக்கு வேட்டு வைத்தவள் என் வீட்டிலேயே இருந்தாள், என் சம்சாரம்.

பகலில் நாங்கள் இரண்டு பேருமே ஏரியில் இறால் தடவுகிறவர்கள். தண்ணீரில் மண்டி போட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர வேண்டும். கை காலியில்லை என்பதால் இறால் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். அப்படிக் கடித்தபடியே என் குத்துப்பாட்டை அவள் முனகுவாள். வார்த்தை கிடையாது, வேகமும் கிடையாது. இறால் சிக்கினால் பாட்டு நின்றுவிடும். அதைப் பறிக்குள் போட்ட பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பாட்டை ஏன்டி இப்படிக் கொல்றே?" என்று கேட்டால் கயிற்றை எடுத்துவிட்டு, "இன்னாயா, பாட்டு உன் வூட்டு சொத்தா?" என்பாள்.

இந்த ஆடித் திருவிழாவில் வந்தது வினை. ஏரியில் அவள் முனகியதைக் கேட்டிருந்த ஊர்த் தலைவர், "இந்தவாட்டி கடைசிப் பாட்டு உன் சம்சாரம் பாடட்டும்பா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சரி, ஒரு தடவை அசிங்கப்பட்டால் அடங்குவாள் என்று மைக்கைக் கொடுத்தேன்.

நின்றுகொண்டு பாடினாள். சகிக்கவில்லை. கூட்டம் சிரித்ததும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதற்குள் யாரோ ஒரு புண்ணியவதி கீழேயிருந்து ஒரு பறியை வீசினாள். இவள் கயிற்றைக் கடித்தாள், மேடையிலேயே மண்டி போட்டாள், இரண்டு கையாலும் பலகையைத் துழாவ ஆரம்பித்தாள். மைக்கை யார் பிடிப்பது? வேறு வழியில்லாமல் நானும் பக்கத்தில் மண்டி போட்டு அவள் வாயருகே நீட்டினேன்.

முனகினாள். அவ்வளவு கிட்டத்தில் அதை நான் கேட்டதே இல்லை. வரமாட்டார்கள் என்று தெரிந்தும் யாரையோ கூப்பிடுகிற பாட்டு அது. இத்தனை வருஷம் இடுப்பை ஆட்டி ஆட்டிப் பாடிய எனக்கு அது உறைத்ததே இல்லை. நடுவில் நிறுத்தி, இல்லாத இறாலைப் பறிக்குள் போட்டாள். கூட்டத்தில் கைக்குழந்தைகூடச் சிணுங்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. பொறாமையும்தான் வந்தது, சும்மா சொல்லக்கூடாது.

மறுநாள் எளாவூரிலிருந்து போன். கல்யாணக் கச்சேரிக்காம்.

"அண்ணே, பறி கடிச்சிக்கினு பாடுவாங்களே, அந்த அக்கா வருவாங்களா?"

"வருவாங்க. நானும் வருவேன்."

"நீங்க எதுக்குண்ணே?"

போன் ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டபடி மீன் கழுவிக்கொண்டிருந்தவள் அங்கிருந்தே கத்தினாள்: "மைக்கு புடிக்கன்னு சொல்லுயா! வேற கை புடிச்சா எனுக்குப் பாட்டு வராது!"