ரஞ்சனாவின் ஆயிரத்துச் சொச்சம் இருக்கைகள்

“கிதர்?” எங்கே இறங்குகிறாய் என்று கேட்கிறார் ரஞ்சனா மகாதேவன். ஒரு கால்தான் ரயில் பெட்டிக்குள் வந்திருக்கிறது, இன்னொன்று இன்னும் மும்பையின் செம்பூர் பிளாட்ஃபாரத்தில் இருக்கிறது. கேள்வி அதற்குள் நாலு தலைகளைத் தாண்டிப் போய், உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டது.

“வடாலா.”

“மேரா,” என்று விரலை நீட்டுகிறார். அவ்வளவுதான். வடாலாவில் அந்தப் பெண் எழுந்ததும் அந்த இடம் ரஞ்சனாவுடையது. பெண்கள் பெட்டியின் இந்த ஒப்பந்தத்துக்கு ரசீது கிடையாது, மீறியவர்களும் கிடையாது. வடாலா வரும்வரை ஒரு கையால் மேலே தொங்கும் பிடியைப் பற்றிக்கொண்டு, மறுகையில் இருக்கும் போனில் கட்டைவிரலால் அடைமொழிகளை வெட்டிக்கொண்டிருக்கிறார்.

அடைமொழிகள் பல்கலைக்கழகங்களுடையவை. சரித்திரம், சமூகவியல், இலக்கியம், மானுடவியல் படித்தவர்களுக்காக உலகத்தின் எந்த மூலையில் ஒரு கருத்தரங்கு, ஆய்வு நல்கை, தற்காலிக வேலை அறிவித்தாலும் அது எப்படியோ ரஞ்சனாவின் போனுக்கு வந்துவிடும். ‘புகழ்பெற்ற’, ‘உலகத்தரம் வாய்ந்த’, ‘துடிப்பான’ எல்லாம் குர்லா ஸ்டேஷன் வருவதற்குள் போய்விடும். மிஞ்சுவது நான்கு வரி: என்ன, யாருக்கு, கடைசித் தேதி, பணம். “காசு அவன் குடுப்பானா, நாம குடுக்கணுமா? அதை மொதல்ல சொல்லிடணும். பாவம், பசங்க படிச்சுண்டே போய்க் கடைசி வரியில மயக்கம் போட்டு விழறதுகள்.” கட்டணம் கேட்கும் கருத்தரங்குகளுக்கு அவர் வைக்கும் தலைப்பு ஒன்றே ஒன்றுதான்: ‘நாம் கொடுக்கணும்.’

வெட்டி முடித்ததை ‘வாய்ப்பு’ என்ற வாட்ஸப் குழுவில் போடுகிறார். நாகர்கோவிலிலிருந்து நார்வே வரை உறுப்பினர்கள். ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு மேல் வாட்ஸப் இடம் கொடுப்பதில்லை. குழு எப்போதோ நிறைந்துவிட்டது, வெளியே ஒரு கூட்டம் காத்திருக்கிறது. இன்னொரு குழு தொடங்கலாமே என்று சொன்னவர்களிடம், “ரெண்டாவது குரூப்புல எவா உக்காருவா? செகண்ட் கிளாஸ்னு நெனச்சுண்டு எல்லாரும் மொதல் குரூப் வாசல்லயே நிப்பா,” என்றார்.

அதனால் ரயிலின் சட்டத்தையே குழுவுக்கும் கொண்டுவந்தார். வேலையோ நல்கையோ கிடைத்தவர் ‘இறங்கிட்டேன்’ என்று ஒரே சொல் எழுதிவிட்டு வெளியேற வேண்டும். அந்த இடத்துக்குக் காத்திருப்பவர்களில் முதல் ஆள் வருவார். வாழ்த்துச் சொல்லக் கூடாது, கேக் படம் போடக் கூடாது. காலை வணக்கம் சொன்னவரை எச்சரிக்கை இல்லாமல் நீக்கிவிடுவார். ஒருமுறை அப்படி நீக்கப்பட்டவர் ஒரு துணைவேந்தர். “அவருக்கு எதுக்கு வாய்ப்பு?” என்பது ரஞ்சனாவின் விளக்கம்.

போன வருஷம் ஓர் இளைஞர் ஜெர்மனியில் ஆய்வு இடம் கிடைத்ததைச் சொல்லாமல் குழுவிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தத் துறையின் இணையப் பக்கத்தில் அவர் கம்பளிக் குல்லாயுடன் சிரிக்கும் படத்தை ரஞ்சனா கண்டுபிடித்தார். அதைக் குழுவில் போட்டு, கீழே எழுதினார்: ‘ஸ்டேஷன் வந்தப்புறமும் எழுந்திருக்காதவரை என்ன சொல்லுவா, எல்லாருக்கும் தெரியும்.’ இளைஞர் அடுத்த நிமிஷம் இறங்கிவிட்டார்.

இவ்வளவு அதிகாரமும் ரயிலுக்குள்தான். கல்லூரியில் ரஞ்சனா மணிக்கணக்கு ஆசிரியை. சமூகவியல் பாடம் நடத்தினால் அந்த மணிக்குச் சம்பளம், நடத்தாவிட்டால் இல்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக நியமன உத்தரவு வரும். இருபது ஜூன்களாக வந்துகொண்டிருக்கிறது. ஆசிரியர் அறையில் அவர் பெயர் ஒட்டிய அலமாரி கிடையாது, குடையை ஜன்னல் கம்பியில் மாட்டிவைக்கிறார். அவர் ஒரு நாள் வராவிட்டால் கல்லூரியில் யாரும் கேட்பதில்லை. அறிவிப்பு அரை மணி தாமதமானால் நார்வேயிலிருந்து ‘மேடம், உடம்பு சரியில்லையா?’ என்று செய்தி வரும்.

கணவர் மகாதேவன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். “ஆயிரம் பேர் உன்னை நம்பிண்டிருக்கா. நான் ஒருத்தன் காப்பிக்கு நம்பிண்டிருக்கேன்,” என்பார்.

“வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கேள். எழுந்து போய்ப் போட்டுண்டா கன்ஃபர்ம்.”

மகாதேவன் போட்டுக்கொள்வார். ரஞ்சனாவுக்கும் ஒரு டம்ளர்.

இத்தனை வாய்ப்புகளை வெட்டி ஒட்டிய ரஞ்சனா எதற்கும் விண்ணப்பித்ததில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். போன மழைக்காலத்தில், நிரந்தர வேலை இல்லாத ஆய்வாளர்களுக்கு என்று ஓர் ஐரோப்பிய ஆய்வகம் நல்கை அறிவித்தது. அடைமொழி ஒன்றுகூட இல்லாத அறிவிப்பு. வெட்ட ஒன்றுமில்லாமல் கட்டைவிரல் நின்றுபோனது. அன்று சாயங்காலமே விண்ணப்பித்தார். தலைப்பு: மும்பைப் பெண்கள் பெட்டியில் இருக்கை கைமாறும் முறை. தினமும் நின்றுகொண்டே சேகரித்த தரவு.

கிடைத்துவிட்டது. ஓர் ஆண்டு, சம்பளத்தோடு.

மகாதேவன் மாதுங்காவில் போய் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார். ரஞ்சனா ஒரு துண்டு தின்றார், அடுத்த நாள் ரயிலில் ஏறி “கிதர்?” என்றார், அடைமொழி வெட்டினார், அறிவிப்புப் போட்டார். ‘இறங்கிட்டேன்’ என்ற சொல்லை மட்டும் எழுதவில்லை. ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது.

“சட்டம் போட்டவ நீதானே?” என்றார் மகாதேவன்.

“ஆகஸ்ட்லதானே சேரணும்? வண்டி இன்னும் பிளாட்ஃபாரத்துக்குள்ளேயே வரலை.”

“அந்த ஜெர்மனிப் பையனும் இதைத்தான் சொல்லியிருப்பான்.”

ரஞ்சனா மைசூர்பாகு டப்பாவை மூடி மேல்தட்டில் வைத்தார்.

கண்டுபிடித்தவர் தாஹிர். தாராவியில் மச்சானின் தோல்பைப் பட்டறைக்கு மேலே இருக்கும் பரணில் உட்கார்ந்து, கீழே தையல் மிஷின் ஓட, பட்டறைத் தொழிலாளர்களைப் பற்றியே முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருப்பவர். குழுவின் காத்திருப்புப் பட்டியலைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். அடுத்த ஆண்டு நல்கை எப்போது என்று பார்க்க அந்த ஆய்வகத்தின் பக்கத்தைத் திறந்தவர், தேர்வானவர்களின் பெயர்களையும் படங்களையும் பார்த்தார். குழுவில் போடவில்லை. போன் செய்தார். ரஞ்சனா அப்போது வீடு திரும்பும் ரயிலில், இருக்கையில் இருந்தார்.

“மேடம், எங்க இருக்கிய?”

“சேவ்ரி தாண்டியாச்சு. சொல்லு.”

“எங்க இறங்குதிய?”

“செம்பூர்லதான். இது என்ன புதுசா…” என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

“பாத்துட்டியா?”

“பாத்துட்டேன். படத்துல குல்லாய் இல்ல, அது ஒண்ணுதான் வித்தியாசம்.”

ரஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “இந்தக் குரூப்பை விட்டுட்டா கார்த்தால எழுந்து நான் என்னடா பண்ணுவேன்?”

“ஆராய்ச்சி பண்ணுவிய. அதுக்குத்தான காசு குடுக்கான்.” என்றார் தாஹிர். “வெளிய மொத ஆளா கோவண்டிப் பிள்ள ஒண்ணு நிக்கி. சஃப்ரீன். எம்.ஏ. முடிச்சிட்டு ரொம்ப நாளாக் காத்துக் கெடக்கு. தினம் எங்கிட்டதான் கேக்கா, யாராச்சும் இறங்குவாங்களான்னு. நான் என்னன்னு சொல்ல?”

“நாளைக்குச் சொல்றேன்,” என்று வைத்துவிட்டார்.

குர்லா வந்தது. கூட்டம் ஏறியது. ரஞ்சனாவின் முழங்காலை இடித்துக்கொண்டு ஒரு பெண், முதுகில் பையும் கையில் சாப்பாட்டு டப்பாவுமாக நின்றாள். “கிதர், ஆன்ட்டி?”

“செம்பூர்.”

“மேரா.”

செம்பூருக்கு முந்தைய ஸ்டேஷனான திலக் நகரிலேயே எழுந்துகொள்வதுதான் மரியாதை. அப்போதுதான் கதவுக்குப் போகவும் முடியும், உட்காருபவருக்கு ஒரு ஸ்டேஷன் கூடவும் கிடைக்கும். ஒப்பந்தத்தின் இந்த ஷரத்தைப் பற்றி ரஞ்சனா தன் விண்ணப்பத்தில் முழுப் பக்கம் எழுதியிருக்கிறார். திலக் நகர் வந்தது. எழுந்தார். அந்தப் பெண் உட்கார்ந்தாள். கதவோரம் கம்பியில் சாய்ந்து, தாஹிரைக் குழுவின் நிர்வாகி ஆக்கினார். பிறகு ஒரே சொல் எழுதினார்.

யாரும் வாழ்த்தவில்லை. சட்டத்தை அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். நார்வேயிலிருந்து மட்டும் ஒரு கேக் படம் வந்தது. அனுப்பியவரைத் தாஹிர் நீக்குவதற்குள் ரஞ்சனா தானே வெளியேறியிருந்தார்.

மறுநாள் காலை செம்பூரில் வழக்கம்போல ஏறினார். கேட்காமலேயே ஒருத்தி “வடாலா” என்று சைகை காட்டினாள். ரஞ்சனா, பக்கத்தில் நின்ற பெண்ணைக் கண்ணால் காட்டிவிட்டு, நடைபாதையிலேயே நின்றார். கையில் போன் சும்மா இருந்தது. பையில் போட்டார், எடுத்தார், மறுபடியும் போட்டார்.

குர்லா நெருங்கும்போது அது அதிர்ந்தது. தாஹிர். குழுவில் போடுமுன் ஓர் அறிவிப்பை அனுப்பியிருந்தார்: ‘மேடம், சரியா இருக்கான்னு பாருங்க. மொத தடவை.’ அது ‘உலகப் புகழ்பெற்ற’ என்று தொடங்கியது.

ரஞ்சனா மேலே தொங்கும் பிடியை ஒரு கையால் பற்றிக்கொண்டார். மறுகைக் கட்டைவிரலால் இரண்டு சொற்களையும் வெட்டி, திருப்பி அனுப்பினார்.