கைக்கு எட்டிய சின்னச் சக்கரம்

கார் ஓட்டப் பழக்கும் வண்டியில், பழகுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும்; பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இன்னொன்று இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கை நம்பித்தான் பிரேக் டீச்சர் இத்தனை வருஷமாகப் பிழைப்பை ஓட்டுகிறாள். இந்தப் பட்டப்பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. அவளிடம் பழகிய யாரோ ஒருவர் முழங்கால் வலியோடு வீட்டுக்குப் போய் ஆரம்பித்திருக்க வேண்டும். எதிரில் நாய் வந்தால் பிரேக். நாய் வரும்போலத் தெரிந்தால் பிரேக். அந்தத் தெருவில் யாரோ நாய் வளர்க்கிறார்கள் என்று காதில் விழுந்திருந்தாலும் பிரேக். அவள் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அதைச் சொல்லிக் காட்டாத நாளும் கிடையாது.

சங்கடம் என்னவென்றால், அந்தக் கால் அடுத்தவர் வண்டியிலும் சும்மா இருக்காது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் தரையை மிதிக்கும். கணவர் கார் ஓட்டினால் கேட்கவே வேண்டாம். அவரும் அவளிடம் ஓட்டப் பழகியவர்தான். பழகி முடித்த பிறகுதான் கல்யாணம். லைசென்ஸ் கொடுத்த அதிகாரி அவரைப் பாஸ் செய்துவிட்டார், இவள் இன்னும் செய்யவில்லை. எந்த வளைவு, எந்தத் தெரு, எங்கே ஹாரன் என்று எல்லாம் இவள்தான் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டிருப்பார்.

பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போன காலையிலும் அதுதான் நடந்தது. "பள்ளிக்கூடம் பக்கமா போகாதீங்க. வலது பக்கம் திரும்புங்க. இப்ப இல்ல, அடுத்தது." மடியில் பை, காலடியில் இல்லாத பிரேக். பிரசவ வலிதான் இன்னும் வரவில்லை. அதுதான் கோளாறே. சொன்ன தேதி தாண்டிவிட்டது, ஸ்கேனில் குழந்தையைச் சுற்றியிருக்கும் நீர் குறைந்துகொண்டு வருவது தெரிந்தது. தானாக வலி வரும் என்று இனிமேல் காத்திருக்க வேண்டாம், மருந்து கொடுத்து வரவழைத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

நன்றாக இருக்கிற ஆளாக நடந்து போய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுப்பது அவளுக்கு ஏதோ பொய் சொல்வதுபோல இருந்தது. முதலில் கர்ப்பப்பை வாய் இளகுவதற்காக உள்ளே ஒரு ஜெல்லை வைத்தார்கள். கொஞ்ச நேரம் படுத்திரு என்றார்கள். பிறகு நட என்றார்கள். நடந்தாள். வராந்தாவின் இந்த முனையில் தண்ணீர்க் குழாய், அந்த முனையில் பூட்டிய கதவு. போய்ப் பூட்டைத் தொட்டுவிட்டு வந்தாள். மறுபடி போனாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த பெண் இவளுக்குப் பிறகு வந்தவள். அவள் கத்திக்கொண்டே பிரசவ அறைக்குப் போய்விட்டாள். இவளுக்கு இடுப்பில் லேசாக ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். வலி வரவில்லையே என்று ஒரு பக்கம் எரிச்சல், வந்துவிடுமே என்று இன்னொரு பக்கம் பயம். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை.

மத்தியானத்துக்கு முன்னால் சிஸ்டர் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டினாள். ரப்பர் செருப்பு சளக் சளக்கென்று சத்தம் போட, நாலு கட்டிலுக்கும் ஒரே ஆளாக ஓடிக்கொண்டிருந்த சிஸ்டர் அவள். காலையிலிருந்து இவள் இடுப்பையும் ரெண்டு தடவை தேய்த்துவிட்டிருந்தாள்.

"இதுதான் வலிய வரவழைக்கிற மருந்து. கொஞ்சம் கொஞ்சமா சொட்டக் கூட்டிக்கிட்டே போவேன்."

"குறைக்கறது எப்ப?" என்று கேட்டாள் பிரேக் டீச்சர்.

"குறைக்கவா? எதுக்கும்மா குறைக்கணும்? ஏதாவது சரியில்லன்னா நாங்களே நிறுத்திடுவோம்."

டாக்டரம்மாவும் வந்து பார்த்தார். குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். "சாயங்காலம் வந்து பாப்பேன். அதுக்குள்ள வழி திறந்திருக்கணும். இல்லன்னா ஆபரேஷன்தான். நீர் குறையுது, ரொம்ப நேரம் விட முடியாது."

ஆபரேஷன் என்ற வார்த்தைதான் அவளைப் பயமுறுத்தியது. கத்தியை நினைத்து அல்ல. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும்படி ஊசி போடுவார்கள், கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். கால் இல்லாமல் அவள் எதை மிதிப்பாள்? எது எப்படிப் போனாலும் அந்த ஆபரேஷன் மேஜைக்கு மட்டும் போகக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பாட்டிலிலிருந்து இறங்கிய குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு இருந்தது. அதற்குள் ஒரு சின்னச் சக்கரம். சிஸ்டர் கட்டைவிரலால் அதை மேலே உருட்டினால் சொட்டு வேகமாக விழுந்தது. கீழே உருட்டினால் நிதானமாக விழுந்தது. மற்ற பெண்கள் வலியில் கூரையைப் பார்ப்பார்கள், சுவரைப் பார்ப்பார்கள். நம் ஆள் அந்தச் சக்கரத்தைப் பார்த்துவைத்துக்கொண்டாள்.

வலி வந்தது. தானாக வருகிற வலி தயங்கித் தயங்கி வரும் என்று சொல்வார்கள். இது அப்படி வரவில்லை. முதுகில் தொடங்கி வயிற்றைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, இன்னும், இன்னும் என்று ஏறியது. அவள் வலது கால் கட்டிலின் இரும்பு விளிம்பை ஓங்கி மிதித்தது. எதுவும் நிற்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக, பிரேக் இல்லாத வண்டியில் அவளை யாரோ ஏற்றிவிட்டிருந்தார்கள். அதன் ஆக்சிலேட்டரை மிதிப்பதோ சிஸ்டர்.

அடுத்த வலி ஏறத் தொடங்கியபோது சிஸ்டர் வேறு கட்டிலில் இருந்தாள். இவள் ஒருக்களித்துக் கையை உயர்த்தி, சக்கரத்தை ஒரு மயிரிழைதான் கீழே உருட்டினாள். ஒன்றும் ஆகிவிடாது, மூச்சு வாங்கக் கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும். கொஞ்ச நேரத்தில் வலி தளர்ந்தது. அப்பாடா என்றிருந்தது. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டதும் சக்கரத்தைப் பழைய இடத்துக்கே உருட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் முழுக்க இதே வேலைதான். சிஸ்டர் கூட்டிவிட்டுப் போவாள், இவள் குறைப்பாள். வலி வருவதுபோல் வந்து பாதியில் கலைந்துபோகும். நல்ல புத்திசாலித்தனம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தாள். ஆனால் நிம்மதி மட்டும் வரவில்லை. காது செருப்புச் சத்தத்திலேயே இருந்தது, கண் சக்கரத்திலேயே இருந்தது, ஜன்னலில் வெயில் சாயச் சாய மனம் அடித்துக்கொண்டது. சாயங்காலம் வருவேன் என்று சொன்ன டாக்டரம்மா சொன்னபடி வந்துவிட்டார்.

பரிசோதித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "காலைல எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு." பிறகு நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தார். "என்ன சிஸ்டர், பாதி கூட இறங்கல? கவனிச்சீங்களா இல்லையா?"

"நான் கூட்டிக்கிட்டேதான் இருந்தேன் டாக்டர். வந்து வந்து பாத்தேனே."

"கூட்டினா பாட்டில் எப்படி அப்படியே நிக்கும்? ஒரு நாள் பூரா வீணாப் போச்சு. தியேட்டர ரெடி பண்ணச் சொல்லுங்க. இவங்க வீட்டுக்காரர் வெளியதானே இருக்கார், கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்க."

சிஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. பாட்டிலைப் பார்த்தாள், சொட்டைப் பார்த்தாள், தன் கட்டைவிரலையே சந்தேகத்தோடு பார்த்தாள். பிரேக் டீச்சர் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பேசினால் மானம் போகும். பேசாமல் இருந்தால் சிஸ்டர் பேர் கெடும். எந்த மேஜைக்குப் பயந்து இத்தனையும் செய்தாளோ அந்த மேஜைக்கே போக வேண்டியதுதான். இதில் குழந்தையை நினைத்தபோதுதான் உண்மையில் வெட்கமாக இருந்தது. வெளியே வரத் தவித்துக்கொண்டிருந்ததை நாள் முழுக்க வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறோமே என்று நினைத்தாள்.

"டாக்டர், சிஸ்டர ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் குறைச்சேன்."

"எத?"

அவள் சக்கரத்தைக் காட்டினாள்.

டாக்டரம்மா சக்கரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சிஸ்டர்தான் கேட்டாள். "நான் பாக்கும்போதெல்லாம் சரியாத்தானே விழுந்துச்சு?"

"உங்க செருப்புச் சத்தம் கேட்டா திறந்துடுவேன்."

"அடிப்பாவி!" என்றாள் சிஸ்டர். "கால் கடுக்க ஓடிக்கிட்டிருக்கேன் நான்! நீங்க காரு கத்துக்கொடுக்கறவங்கதானே? உங்ககிட்ட படிக்க வர்றவன் உங்க பிரேக்குக்கு அடியில ஒரு கட்டைய வெச்சா என்ன செய்வீங்க?"

"இறக்கி விட்டுடுவேன்."

"உங்கள எங்க இறக்கி விடறது?"

டாக்டரம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், சிரித்தாரோ என்னவோ. குழந்தையின் துடிப்பைக் கோடாகப் பதிந்த இயந்திரத்தின் காகிதத்தை இழுத்து இன்னொரு முறை நிதானமாகப் பார்த்தார். "துடிப்பு நல்லாத்தான் இருக்கு. அதனால ஒரு தடவ விட்டுப் பாக்கறேன். இதுலயும் வழி திறக்கலன்னா பேச்சே கிடையாது, தியேட்டர்தான்."

"சிஸ்டர்," என்றாள் அவள். "அந்தக் கம்பிய அந்தப் பக்கம் தள்ளி வெச்சிடுங்க. எனக்கு எட்டக் கூடாது. தொடமாட்டேன்னு நான் சத்தியமே பண்ணாலும் நம்பாதீங்க."

கம்பி கட்டிலின் கால்மாட்டுக்குப் போனது. சிஸ்டர் கணவரை உள்ளே இழுத்துவந்து, அவர் கையை எடுத்து இவள் கையில் திணித்தாள். "பிடிக்க ஏதாவது வேணும்ல? இவரப் பிடிச்சுக்கோங்க."

வலி ஏறியது. இந்த முறை பாதியில் கலையவில்லை. கணவரின் விரல்களை நொறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இதோ செத்துவிடுவோம் என்று நினைத்த இடத்தையும் தாண்டி ஏறியது. ஏறி, உச்சியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தானாக இறங்கியது. யாரும் எதையும் மிதிக்கவில்லை. அவள் மலங்க மலங்க விழித்தாள். மத்தியானம் முழுக்க ஒரு வலியையாவது அதன் உச்சி வரைக்கும் போக விட்டிருந்தால், அது இறங்கும் என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

"இறங்கிடுச்சு," என்றாள், ஏதோ புதுச் செய்திபோல.

"இறங்காம? அடுத்தது வரதுக்குள்ள மூச்ச நல்லா விடுங்க. கால மடக்கி வைங்க, கட்டில உதைக்காதீங்க."

காலை மடக்கினாள். அது அடுத்த வலிக்கு மறுபடி இரும்பைத் தேடியது. அதற்கு அடுத்ததிலும் தேடியது. பிறகு எப்போதோ தேடுவதை விட்டுவிட்டது. பிரசவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போனதும், முக்கு முக்கு என்று எல்லோரும் கத்தியதும் அவளுக்குக் கோர்வையாக நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. தலை தெரிந்த நேரத்தில் சிஸ்டர் கையை நீட்டித் தடுத்தாள்.

"நிறுத்துங்க! முக்காதீங்க, தலை மெதுவா வரட்டும். இப்பப் போடுங்க உங்க பிரேக்க!"

போட்டாள் பாருங்கள். இத்தனை வருஷப் பழக்கம். மூச்சை மட்டும் ஊதி ஊதி விட்டுக்கொண்டு அவள் நிறுத்திய நிறுத்தலில், குழந்தை ஒரு கீறல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. பெண் குழந்தை. நெஞ்சின் மேல் போட்டதும் வீறிட்டு அழுதது, இவளும் அழுதாள். கணவர் வீங்கிய விரல்களை உதறிக்கொண்டே அழுதார்.

"இந்த மாதிரி கேசு நான் பாத்ததே இல்ல," என்று சிஸ்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். வீட்டுக்குக் கிளம்பிய அன்று, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டவளும் அவள்தான். "ஆனா உங்க பிரேக்குக்கு அடியில கட்டை வெப்பேன்," என்றாள்.

காரில் குழந்தையின் சின்ன இருக்கையைப் பின்சீட்டில் வைத்து, வாரை அவளே இறுக்கி, இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மெதுவாப் போங்க. பள்ளிக்கூடம் பக்கம் வேண்டாம்."

"சரிங்க டீச்சர்."

இன்ஜின் நின்ற சத்தத்தில் கண் விழித்தாள். வெளியே அவர்கள் வீட்டு வாசல். குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. தன் கால்களைத் தேடினாள். செருப்பு தரையில் கிடந்தது. கால் இரண்டும் சீட்டின் மேல் மடங்கிக் கிடந்தன. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவள் கண்ணை மூடியதே கிடையாது.

"எந்த வழியா வந்தீங்க?" என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "வந்து சேந்துட்டோம்ல? பாத்து இறங்கு. பாப்பா தூங்குது."