கதவில்லாத லிஃப்டும் ஹாவ்லிக்கின் இடுப்பும்

அலோய்ஸ் ஹாவ்லிக்கின் இடுப்பை உடைத்தது ஒரு கெண்டை மீன். கிறிஸ்துமஸ் விருந்துக்கு உயிரோடு வாங்கி வந்து, வழக்கம்போல் குளியல் தொட்டியில் நீந்த விட்டிருந்தார். அந்த வாரம் ப்ராக் நகரத்தில் பல வீடுகளில் யாரும் குளிப்பதில்லை. மீன் வாலை அடித்தது, தரை நனைந்தது, இவர் வழுக்கி விழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர் இரக்கப்பட்டு மீனை ஆற்றில் விட்டுவிட்டார். ஹாவ்லிக்கை என்னிடம் விட்டார்கள்.

நான் எலும்பு வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போதும் வீடுகளுக்குப் போய், அறுவை சிகிச்சை முடிந்தவர்களை நடக்கப் பழக்குகிறேன். எந்தக் கால், வீட்டில் எத்தனை படி, ராத்திரி கழிப்பறைக்கு எழுகிறாரா என்பதற்கு மேல் யாரைப் பற்றியும் விசாரிக்க மாட்டேன். ஹாவ்லிக்கிடம் விசாரிக்கவே தேவையில்லை. தைலம் தேய்த்துவிடும் நேரத்துக்குள் பாதி வாழ்க்கையைச் சொல்லி முடித்துவிட்டார்.

நகரத்துக் குடிநீர்த் துறையில் இன்ஜினியராக இருந்தவர். எங்கள் ஊரில் பட்டத்தைச் சொல்லி அழைப்பதுதான் மரியாதை. அதனால் எனக்கு அவர் இன்ஜினியர் சார், அவருக்கு நான் சிஸ்டர். மனைவி இறந்த பிறகு சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு நகரத்தைச் சுற்றக் கிளம்பியிருக்கிறார். கோட்டை, பழைய பாலம், சிலைகள் ஓடும் கடிகாரம் எதுவும் அவர் பாதையில் கிடையாது. "அதெல்லாம் வெளியூர்க்காரங்க தோளோட தோள் இடிச்சிக்கிற இடம், சிஸ்டர். நம்ம ஊரு அங்க இல்ல" என்பார். அவர் காட்டியது பழைய கழிவுநீர் ஆலையின் செங்கல் நிலவறை, ரயில் பாதைகளுக்கு நடுவே கைக்குட்டை அளவு தோட்டங்கள், பெரிய கண்ணாடிக் கடிகாரத்தின் முதுகைப் பார்த்தபடி சரிவுப் பாதையில் ஏறிப் போகிற ஒரு தேவாலயக் கோபுரம். கடைசியில் எப்போதும் பாட்டர்நாஸ்டர்.

அது ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் இருக்கும் லிஃப்ட். கதவு கிடையாது. செபமாலை மணிகள் போலப் பெட்டி பெட்டியாகக் கோத்து, ஒரு பக்கம் ஏறிக்கொண்டும் மறுபக்கம் இறங்கிக்கொண்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். யாருக்காகவும் நிற்காது. ஓடும்போதே ஏற வேண்டும், ஓடும்போதே இறங்க வேண்டும்.

"மேல் மாடியில இறங்க மறந்துட்டா என்ன ஆகும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பெட்டி கவுந்துடும். மறுபக்கம் நீங்க தலைகீழா இறங்கி வருவீங்க" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல்.

நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். அந்த லிஃப்டில் ஏறியதில்லை. அவர் சொன்னதை நம்பவில்லை. ஆனால் வேறு யாரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளவும் இல்லை.

பனி உருகத் தொடங்கிய சமயம் அவருடைய மகள் இவோனா ஒலோமோட்ஸ் நகரத்திலிருந்து வந்தாள். கெட்டிக்காரி, குரல் மட்டும் கொஞ்சம் உரக்க. அவளுடைய வீடு தரைத்தளம், பின்னால் தோட்டம். அப்பாவுக்கென்று ஓர் அறைக்கு வண்ணம் அடித்து வைத்திருந்தாள்.

"மூணாவது மாடியில தனியா கெடந்து என்ன பண்ணப் போறீங்க அப்பா? இன்னொரு தடவ விழுந்தா?"

"அடுத்த கிறிஸ்துமஸுக்கு மீனைக் கடையிலயே வெட்டி வாங்கிக்கிறேன்."

"வெளையாடாதீங்க."

"ஒலோமோட்ஸை நான் ஒரு நாள்ல சுத்திப் பாத்துட்டேம்மா. மறுநாள் காலையில எழுந்து என்ன பண்றது?"

இவோனா என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க சிஸ்டர். இவரால பழையபடி நடக்க முடியுமா?"

நடக்கலாம், படி ஏறலாம், ஓடும் ட்ராமில் தாவக்கூடாது என்றேன். அவள் உடனே பிடித்துக்கொண்டாள். "சரி அப்பா. அந்தக் கதவில்லாத லிஃப்டுல ஏறி ஒரு முழுச் சுத்து சுத்திட்டு, சொந்தக் கால்ல இறங்கிக் காட்டுங்க. அப்புறம் நான் வாயத் தெறக்க மாட்டேன். முடியலைன்னா என்னோட வந்துடணும்."

ஹாவ்லிக் கையை நீட்டினார். மகள் குலுக்கினாள். மே மாதம் என்று முடிவாயிற்று. யாரும் என்னைக் கேட்கவில்லை.

அசையும் தரையில் கால் வைக்க ஒருவரை எங்கே பழக்குவது? முதலில் சரிவுப் பாதை தேடினேன், படியைவிடச் சரிவு இடுப்புக்கு நல்லது. "கோபுரத்துக்குப் போலாம்" என்றார். போனோம். கடிகார முட்கள் வெளிச்சத்தில் இடவலம் மாறித் தெரிய, அவர் மூச்சு வாங்கியபடி விளக்கம் சொன்னார். நான் அவருடைய இடது முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து ஆடும் தரை. வல்தாவா நதியில் அக்கரைக்குப் போகும் சின்னப் படகில் ஏறி இறங்கினோம். பிறகு மெட்ரோ ரயிலின் நகரும் படி. அவர் கால்சட்டையின் பின்பக்க பெல்ட் என் கையில். "ஏறும்போது நல்ல கால் முன்னால, எறங்கும்போது நோவுற கால் முன்னால" என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்ல, "பள்ளிக்கூடத்துல கூட இவ்வளவு அடி வாங்கல" என்று அவர் முனகுவார். முடிந்ததும் ஒரு கடையில் நின்றபடி, உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் ஊறிய வெள்ளரியும் அடுக்கிய ரொட்டித்துண்டு ஆளுக்கு ஒன்று. வார்டில் வேலை பார்த்த நாட்களில்கூட நான் இவ்வளவு சுற்றியதே இல்லை.

மே மாதம் இவோனா வந்தாள். மூன்று பேரும் தரைத்தளத்தில் லிஃப்ட் முன்னால் நின்றோம். ஹாவ்லிக் நல்ல கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். இரண்டு கையாலும் பெட்டியின் கைப்பிடிகளைப் பிடிக்க வேண்டும் என்பதால் கைத்தடியை மகளிடம் கொடுத்தார். நான் பின்னால், பெல்ட்டைப் பிடித்தபடி.

கீழே நிலவறைத் தளத்திலிருந்து ஒரு பெட்டி எழுந்து வந்தது. உள்ளே கோப்புகளோடு ஒரு பெண். "வணக்கம்" என்றாள். எங்கள் ஊரில் லிஃப்டில் முன்பின் தெரியாதவர்களானாலும் வணக்கம் சொல்லாமல் இருக்க மாட்டோம். ஹாவ்லிக் தொப்பியைக் கழற்றி, "வணக்கம்மா" என்றார். பெட்டி போய்விட்டது. அடுத்ததில் ஒரு தாடிக்காரர். வணக்கம். தொப்பி. அதுவும் போயிற்று.

"அப்பா, நீங்க லிஃப்டுல ஏற வந்தீங்களா, தேர்தலுக்கு ஓட்டுக் கேக்க வந்தீங்களா?"

"மரியாதைன்னு ஒண்ணு இருக்கும்மா."

அதற்கடுத்த பெட்டி காலியாக வந்தது. அவர் அதற்கும் தொப்பியைக் கழற்றினார்.

இவோனா சிரிக்கவில்லை. கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரிக்கவில்லை. இடுப்பில் ஒன்றும் இல்லை, அது எனக்குத் தெரியும். பயம். அதற்குத் தைலம் கிடையாது. யாராவது ஒருவர் பெல்ட்டைப் பிடித்திருக்கும்வரை அவர் நோயாளிதான் என்று தோன்றியது. கையை விட்டேன்.

"இவோனா, நீங்க இங்கயே பக்கத்துல நில்லுங்க. லிஃப்டை நிறுத்துற செவப்புப் பொத்தான் அந்தா இருக்கு, ஏதாவதுன்னா அழுத்துங்க. நான் போறேன்" என்று சொல்லி, அடுத்த பெட்டியில் கால் வைத்துவிட்டேன்.

"சிஸ்டர்! நீங்க இதுல ஏறினதே இல்லையே!" என்று ஹாவ்லிக் பதறினார்.

"அதனாலதான் கேக்குறேன். மேல போனா கவுந்துடும்னு சொன்னீங்களே. தலைகீழா வந்தா என் பாவாடையை யாரு பிடிக்கிறது?"

அவருடைய முகம் என் முட்டியளவுக்கு இறங்கி, பிறகு ஷூ அளவுக்கு இறங்கி மறைந்தது. முதல் மாடி கடந்தது. அப்போது என் காலுக்குக் கீழே, அடுத்த பெட்டியில், தொப்பென்று ஒரு சத்தம். இவோனா வீரிட்டாள்.

"எந்தக் கால்?" என்று கத்தினேன்.

"நல்ல கால், சிஸ்டர்! நல்ல கால்!"

அதன்பிறகு அவர் நிறுத்தவே இல்லை. பலகை வழியாகக் குரல் வந்துகொண்டே இருந்தது. "கடைசி மாடி தாண்டினதும் இருட்டும், பயப்படாதீங்க. பல் சக்கரம் தெரியும், பெருசு. கைய வெளிய நீட்டாதீங்க. இப்பப் பக்கவாட்டுல நகரும் பாருங்க." இருட்டியது, எண்ணெய் வாசம் அடித்தது, ஊர் மாவரைக்கும் ஆலை போல எங்கோ கடகடத்தது, பெட்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து இறங்கத் தொடங்கியது. நான் நேராகவே நின்றுகொண்டிருந்தேன்.

"கவுழலையே, இன்ஜினியர் சார்!"

"இன்னிக்கு எண்ணெய் போட்டிருக்காங்க போல!"

தரைத்தளத்தில் நான் முதலில் இறங்கித் திரும்பி நின்றேன். அவருடைய ஷூக்கள் வந்தன, பிறகு முட்டி, பிறகு கோட்டு. நோவுற இடது காலை முன்னால் வைத்தார், மற்றது தொடர்ந்தது. நான் தொடவில்லை. தொப்பியைக் கழற்றி மகளைப் பார்த்து வணங்கினார்.

இவோனாவின் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க அவள் குரலை உயர்த்தினாள். "சரி, சரி, ஜெயிச்சுட்டீங்க. சாப்பிடப் போலாம்."

"நீ ஒரு சுத்து வரியா?"

"நானா? ஐயோ, வேண்டாம்பா."

"இதுகூட முடியலைன்னா நீ எப்படித் தனியா ஒலோமோட்ஸ்ல இருப்ப? இங்க வந்துடு. மூணாவது மாடியில எடம் இருக்கு."

அவள் கைத்தடியால் அவருடைய ஷூவில் லேசாகத் தட்டினாள். அந்த வண்ணம் அடித்த அறையில் இப்போது தையல் இயந்திரம் இருக்கிறது என்று கேள்வி.

சனிக்கிழமை நடை மறுபடி தொடங்கிவிட்டது. நானும் போகிறேன், ரொட்டித்துண்டுகள் என் பையில். பாட்டர்நாஸ்டரில் புதியவர்களிடம் பெட்டி கவிழும் என்று இப்போது சொல்பவள் நான்தான். வெள்ளை முடிக்காரி சொன்னால் நம்புகிறார்கள். கடைசி இடம் மட்டும் மாறியிருக்கிறது. எல்லாரும் மூன்றாவது மாடி ஏறி, வாசலில் காலணியைக் கழற்றி, ஹாவ்லிக்கின் குளியலறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு அந்தத் தொட்டியைப் பார்க்கிறார்கள். "இந்த எடம் எந்தப் புத்தகத்துலயும் இல்ல" என்று அவர் தொடங்குகிறார். அவர் கதையில் மீன் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போகிறது. தரையில் நான் போட்ட ரப்பர் விரிப்பைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை சொல்வதில்லை.