ராட்டைக் கயிறும் ஓடும் விளக்கும்

விளக்கு எரிந்தால் மட்டும் போதாது, ஓட வேண்டும் என்று முதலில் சொன்னது நான்தான். என் வீட்டுக்காரர் இன்றுவரை அதைத் தன் யோசனை என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். உருளை செய்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அறுபதுகளில் திண்டுக்கல்லில் எங்களுக்கு ஒரு மைக் செட் கடை இருந்தது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஒலிபெருக்கியும் கலர் பல்பும் கட்டுவோம். நான் சின்னாளபட்டித் தறிக்காரர் வீட்டுப் பெண். அங்கே சும்மா கிடந்த ஒரு மர உருளையைக் கொண்டுவந்து, அதன் மேல் செப்புத் தகடுகளைப் படிப்படியாக அடித்தேன். உருளை சுற்றும்போது நான்கு கம்பிகள் அதை உரசிக்கொண்டிருக்கும். தகடு எந்தக் கம்பியைத் தொடுகிறதோ, அந்தக் கம்பியில் இணைத்த பல்புகள் எரியும். ஒன்று அணைந்து அடுத்தது எரிய, பார்ப்பவர் கண்ணுக்கு வெளிச்சம் ஓடும். சேலையில் எந்த இடத்தில் எந்த நிறம் வர வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிற அதே வேலைதான். உருளையைச் சுற்ற ஒரு பழைய டேபிள் ஃபேன் மோட்டார், உருளையின் முனையில் ஒரு தையல் மிஷின் சக்கரம், இரண்டையும் இணைக்க ஒரு நூல் கயிறு.

கம்பி சிக்காமல் ஏறி இறங்க, தகடுகளின் இரண்டு ஓரத்தையும் அரம் போட்டு மழுக்கினேன். "ஒரு பக்கம் பத்தாதா? உருள என்ன பின்னாடியா சுத்தப் போகுது?" என்று அவர் கேலி செய்தார். "இது மட்டும் சொதப்புச்சு, வெந்நி அடுப்புக்குத்தான் போகும், பாத்துக்க" என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

முதல் ஓட்டம் கன்னிவாடிப் பக்கம் ஓர் ஊரில், அம்மன் கோயில் பொங்கலுக்கு. முச்சந்தியிலிருந்து கோயில் வரை தெரு நெடுகப் பல்பு கட்டினோம். பொழுது சாய்ந்ததும் பூசாரி தலையில் கரகத்தோடு முச்சந்திக்கு வந்து நின்றார். அந்தக் கரகத்தில்தான் அம்மன் ஊருக்குள் வருகிறாள். என் வீட்டுக்காரர் சுவிட்சைப் போட்டார். வெளிச்சம் துள்ளி ஓடியது. எனக்குக் கால் தரையில் இல்லை.

கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து நின்று போட்டாள் ஒரு சத்தம்: "ஏப்பா, வெளக்கு கோயில்லருந்து வெளியேல்ல ஓடுது! ஆத்தா உள்ள வார நேரத்துல அவள வெளிய போகச் சொல்றீகளா?"

உண்மைதான். கடையில் சோதித்தபோது உள்ளே, வெளியே என்று எதுவும் இல்லை. இங்கே கரண்ட் கோயிலில் இருந்ததால், வரிசையை அங்கிருந்தே தொடங்கிவிட்டோம். மேளம் நின்றுபோனது. பூசாரி ஓர் அடி நகரவில்லை.

வீட்டுக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. "உருளையக் கழட்டிருவோம். பல்பு சும்மா எரியட்டும்."

எனக்கு வந்ததே கோபம்! "சும்மா எரியுறதுக்கு நாம எதுக்குங்க? செத்த நேரம் பேசாம இருங்க."

பிறந்த வீட்டில் நூல் சுற்றும் ராட்டையில், கயிற்றைக் குறுக்கே மாட்டினால், நூல் ஏறும் கதிர் எதிர்ப்பக்கம் சுற்றும். சின்ன வயதில் அப்படி மாட்டி, நூலெல்லாம் சிக்காகி வாங்கிய குட்டு எனக்கு மறக்கவே இல்லை. மோட்டாரை நிறுத்தினேன். கயிற்றைக் கழற்றி, எட்டுப் போட்டாற்போல் நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி இழுத்து மாட்டினேன். உருளை பின்னோக்கிச் சுற்றியது. இரண்டு ஓரமும் மழுக்கிய தகடு எங்கேயும் சிக்கவில்லை. வெளிச்சம் முச்சந்தியில் கிளம்பிக் கோயிலுக்குள் ஓடியது.

"இப்பத்தான் ஆத்தா வாரா!" என்று அந்த அம்மாள் குலவையிட்டாள். மேளம் முழங்க, பூசாரி நடந்தார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் குனிந்து திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கரகம் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். விளக்கு அப்போதும் கோயிலை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பூக்கட்டும் அம்மாள் என்னிடம் வந்து நின்றாள்.

"ஏத்தா, இன்னைக்கு ஆத்தா போறால்ல. வெளக்க மொத நாளு விட்ட மாதிரி விடுத்தா."

வீட்டுக்காரரின் கை கயிற்றுக்குப் போனது. "அதுல கை வைக்காதீங்க" என்றேன். முறுக்கை நானே எடுத்துவிட்டு மாட்டினேன். வெளிச்சம் கோயிலிலிருந்து கிளம்பித் தெரு முழுக்க ஓடி முச்சந்தியில் போய் அணைந்தது. அதன் பின்னாலேயே கரகம் போனது. எந்த ஓட்டத்துக்காகத் திட்டு வாங்கினேனோ, அதைப் பார்த்து அந்தத் தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. திட்டிய அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.